சிவப்புத் தட்டைப்புழுதானா இது? மருந்து ஊற்றும் முன் கேட்கிறேன்

கடல்தோட்டம்
எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 300 லிட்டர் ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி), இரண்டரை வருடமாக ஓடுகிறது. மென்பவளங்கள், காளான் பவளம், இரண்டு யூஃபிலியா, கொஞ்சம் மான்டிபோரா. மீன் ஐந்து. இரண்டு மாதம் முன்பு மணலில் துரு நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. பாசி என்று நினைத்து விட்டுவிட்டேன். இப்போது மதிய நேரத்தில் பார்த்தால் முன்பக்க மணல், கல்லின் மேல்பகுதி, காளான் பவளத்தின் மேல் என்று எங்கும் கம்பளம் விரித்த மாதிரி இருக்கிறது. உற்றுப் பார்த்தால் நகர்கிறது. காளான் இரண்டு சுருங்கிவிட்டது. தட்டைப்புழு மருந்து ஒரு புட்டி கையில் இருக்கிறது. இன்று ராத்திரியே ஊற்றிவிடலாமா? அளவு 300 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் சரியா?

உப்புநீர்
இன்று ராத்திரி ஊற்ற வேண்டாம் நண்பரே. புட்டியை மூடி வையுங்கள். முதலில் சில விஷயங்கள் சொல்லுங்கள்.

புழுவின் பின்பக்கம் எப்படி இருக்கிறது? மூன்று வால் மாதிரிப் பிரிந்திருக்கிறதா, ஒரு சின்னப் பள்ளம் மட்டும் இருக்கிறதா, இல்லை முழு முட்டை வடிவமா? விளக்கு அணைந்த பிறகும் அதே இடத்தில் இருக்கிறதா? பவர்ஹெட் (தொட்டிக்குள் ஓட்டம் தரும் பம்ப்) வேகமாக அடிக்கும் இடத்தில் இருக்கிறதா?

ஏர் டியூபால் நாலைந்து புழுவை உறிஞ்சி வெள்ளைக் கிண்ணத்தில் விட்டு, பூதக்கண்ணாடியில் பாருங்கள். தொட்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது சிவப்புப் பாசிகூடப் புழு மாதிரித்தான் தெரியும்.

கடல்தோட்டம்
பார்த்தேன். நீளம் 3, 4 மில்லிமீட்டர் இருக்கும். துருச்சிவப்பு. பின்பக்கம் தெளிவாக மூன்று நுனி தெரிகிறது. ஒன்றிரண்டில் பின்னால் குட்டி ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. ராத்திரி டார்ச் அடித்தால் மணல் மேல் அவ்வளவாக இல்லை. வேகமான ஓட்டம் இருக்கும் கல்லில் ஒன்றுகூட இல்லை, தேங்கிய மூலைகளில்தான் கும்பல்.

உப்புநீர்
அப்படியானால் சந்தேகமே இல்லை. நாம் சிவப்பு பிளனேரியா என்று சொல்கிற கான்வோலூட்ரிலோபா ரெட்ரோஜெம்மா. நீங்கள் பார்த்த 'பின்னால் ஒட்டிய குட்டி' அதன் கையெழுத்து. இந்தப் புழு பின்முனையில் மொட்டு விட்டுப் பெருகும். அந்தக் குட்டியின் தலை தாயின் தலைக்கு நேர் எதிர்ப்பக்கம் பார்த்து வளரும். 1988-இல் இதை விவரித்தவர்கள் பெயரிலேயே அதைக் குறித்திருக்கிறார்கள்: ரெட்ரோ என்றால் பின்னோக்கி, ஜெம்மா என்றால் மொட்டு. துணை தேடவே தேவையில்லை. ஒன்று இருந்தாலே போதும், சில வாரத்தில் கம்பளம் ஆகிவிடும்.

தட்டைப்புழு என்று நாம் பழக்கத்தில் சொன்னாலும் இது ஏசோல் இனம். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு ஏசோல்களை உண்மையான தட்டைப்புழுக்களிலிருந்து பிரித்துத் தனிக்கிளையில் வைத்துவிட்டார்கள். இவற்றுக்குக் குடல் என்று ஒரு குழாயே கிடையாது. உடம்புக்குள் பாசி வைத்து வளர்த்து, அது வெளிச்சத்தில் செய்யும் உணவில் பாதி வாழ்க்கை நடத்தும். கோப்பிபாட் மாதிரிச் சின்ன உயிர்களையும் பிடித்துத் தின்னும். அதனால்தான் விளக்கு எரியும்போது வெளிச்சத்தில் வந்து படுக்கிறது, ஓட்டம் குறைந்த இடத்தை விரும்புகிறது. பவளத்தை இது கடித்துத் தின்பதில்லை. மேலே போர்வை மாதிரி மூடி வெளிச்சத்தை மறைக்கிறது. உங்கள் காளான் சுருங்கியதற்கு அதுதான் காரணம்.

இப்போது மருந்து விஷயம். ரீஃப் தொட்டிக்கென்று விற்கும் இந்த மருந்துகளைச் சொன்ன அளவில் போட்டால் மீனும் பவளமும் பெரும்பாலும் தாங்கும். ஆபத்து புழுவுக்குள் இருக்கிறது. இதன் உடம்பில் நஞ்சு உண்டு. உயிரோடு இருக்கும்போது உள்ளேயே இருக்கும், செத்து உடம்பு கரையும்போது தண்ணீரில் கலக்கும். பத்துப் புழு செத்தால் ஒன்றுமில்லை. கம்பளமே ஒரு மணி நேரத்தில் செத்தால் மீன் தாங்காது. உங்கள் தொட்டியில் இப்போது இருக்கும் எண்ணிக்கைக்கு மருந்து ஊற்றுவது நல்லதல்ல. முதலில் உறிஞ்சி எடுங்கள்.

நிலாமீன்
மேலே சொன்னதை என் அனுபவத்தில் உறுதிப்படுத்துகிறேன். இதைப் படித்து ஒருவராவது நிறுத்திக்கொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் வாங்கிய இடத்தில் 'ஊற்றுங்க, ஒண்ணும் ஆகாது' என்றார்கள். ஊற்றினேன். இருபது நிமிடத்தில் புழுக்கள் உருண்டு உருண்டு தண்ணீரில் மிதக்க ஆரம்பித்தன. சந்தோஷமாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் தண்ணீர் லேசாகப் பழுப்பாகியது. மாண்டரின் மீன் மணலில் சாய்ந்து படுத்தது. டாங் மீன் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. நஞ்சை உறிஞ்சும் கார்பன் வீட்டில் பழையது கொஞ்சம்தான் இருந்தது. மாற்றுவதற்கு உப்புத் தண்ணீர் கலந்து வைக்கவில்லை, அவசரமாகக் கலக்க ஆரம்பித்தேன். அது கரைந்து, வெப்பம் சரியாவதற்குள் மூன்று மீன் போய்விட்டது. ஏழு வருடம் என்னோடு இருந்த டாங் அது.

மருந்தின் அளவு சரிதான். புழுவின் அளவுதான் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, தண்ணீரும் கார்பனும் தயாராக இல்லாதது.

அலைகுமார்
எனக்கு இவ்வளவு பாடுபடத் தேவைப்படவில்லை. ஆறுகோடு ராஸ் மீன் ஒன்று விட்டேன், இரண்டு மாதத்தில் புழுவே இல்லை. இயற்கையான வழி இருக்கும்போது மருந்து எதற்கு?

உப்புநீர்
குமார், உங்கள் மீன் தின்றது நல்ல விஷயம், அதை நான் மறுக்கவில்லை. ஆறுகோடு ராஸ், மஞ்சள் ஹாலிகோரிஸ், சிறுத்தை ராஸ், புள்ளி மாண்டரின் என்று பல பேர் சொல்வார்கள். சிலது தின்னும், சிலது திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரே இனத்தில் ஒரு மீன் தின்னும், அடுத்தது தின்னாது. ஐம்பது புழு இருக்கும்போது மீன் காவல் காக்கும். ஐயாயிரம் இருக்கும்போது அதால் முடியாது. இன்னொன்று, ஆறுகோடு ராஸ் வளர்ந்ததும் கூட இருக்கும் சாதுவான மீன்களை விரட்டும். புழுவுக்காக வாங்கி, பிறகு அதைப் பிடிக்கக் கல்லையெல்லாம் பிரித்தவர்கள் உண்டு.

நீல வெல்வெட் என்று ஒரு கடல் நத்தையும் சொல்வார்கள், கெலிடோனுரா வேரியன்ஸ். ஓடு வெளியே தெரியாது. அது இந்த வகைப் புழுவைத்தான் தின்று வாழும். வேலை பிரமாதமாகச் செய்யும், ஆனால் புழு தீர்ந்ததும் பட்டினியில் செத்துவிடும், இல்லையென்றால் அதற்கு முன்பே பம்பில் சிக்கிவிடும். அடுத்துக் கொடுக்க இன்னொருவர் தொட்டி தயாராக இருந்தால் மட்டும் வாங்குங்கள். சாகும் என்று தெரிந்தே ஒரு உயிரை வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அலைகுமார்
நியாயம். என் தொட்டியில் அப்போது முப்பது நாற்பது புழுதான் இருந்திருக்கும். கம்பளம் அளவு இல்லை. அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

புதுநீர்
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என் தொட்டிக் கண்ணாடியில் வெள்ளையாக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சில வழுக்கிக்கொண்டு போகின்றன. இதுவும் ஆபத்தா?

உப்புநீர்
குதித்துக் குதித்துப் போனால் கோப்பிபாட், நல்லது. வழுக்கிப் போனால் சிறு தட்டைப்புழு, பெரும்பாலும் தீனி மிச்சம் அதிகமானால் வரும். தீனியைக் குறைத்தால் குறையும். மருந்து வேண்டாம். மீனும் பவளமும் நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

கடல்தோட்டம்
நாலாவது நாள் நிலவரம். தினமும் விளக்கு எரிந்து நான்கைந்து மணி நேரம் ஆன பிறகு, புழு மொத்தமும் வெளியே வந்து படுத்திருக்கும்போது உறிஞ்சுகிறேன். ஏர் டியூபின் நுனியில் ஒரு கெட்டிக் குழாய் செருகிக்கொண்டேன், அப்போதுதான் குறி தப்பவில்லை. மறுமுனையை சம்பில் (கீழே உள்ள வடிகட்டித் தொட்டி) உள்ள ஃபில்டர் சாக்ஸுக்குள் (வடிகட்டும் துணிப்பை) விட்டிருக்கிறேன். தண்ணீர் திரும்பத் தொட்டிக்கே வந்துவிடுவதால் அரை மணி நேரம் நிதானமாகச் செய்ய முடிகிறது. முதல் நாள் சாக்ஸின் அடிப்பக்கம் சிவப்புக் கூழாக இருந்தது. இன்று பாதிகூட இல்லை.

ஒரு கேள்வி. சாக்ஸை உடனே எடுத்துவிட வேண்டுமா?

உப்புநீர்
ஆமாம், முடித்த அந்த நிமிடமே எடுத்து வெளியே அலசுங்கள். உள்ளே புழு செத்துக் கிடந்தால் நஞ்சு தொட்டிக்குத்தான் திரும்பும். குழாயின் நுனியால் புழுவை நசுக்காதீர்கள், கிழிந்தாலும் அதே கதை. கல்லின் பொந்துகளில் டர்க்கி பேஸ்டரால் (ரப்பர் குமிழ் வைத்த பெரிய சொட்டுக்குழாய்) ஊதிவிட்டு, மிதப்பதை உறிஞ்சுங்கள். பவர்ஹெட்டின் முகத்தைத் தேங்கிய மூலைப் பக்கம் திருப்பினால் அங்கே கும்பல் கூடாது.

விளக்கை மூன்று நாள் அணைத்து வைத்தால் செத்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புழு ஒளிந்துகொள்ளும், பவளம்தான் வாடும்.

பவளப்பிரியை
இந்தப் பேச்சைப் படித்துவிட்டு என் தொட்டியைப் போய்ப் பார்த்தேன். என்னிடம் சிவப்பு எதுவும் இல்லை. ஆனால் மூன்று அக்ரோபோரா (கிளைவிடும் கல் பவளம்) ஒரு மாதமாக நிறம் மங்கிக்கொண்டே போகிறது, அடியிலிருந்து மேலே. பாலிப் (பவளத்தின் சின்னப் பூ மாதிரி உயிர்கள்) வெளியே வருவதே இல்லை. ஆல்கலினிட்டி 8.2, நைட்ரேட் 5, எல்லாம் சரி. விளக்கு அதிகமோ என்று குறைத்துப் பார்த்தேன், பலனில்லை. கிளையில் வெளிறிய வட்டப் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன. புழு என்று கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

நுண்ணோக்கி
அக்கா, அந்த வட்டப் புள்ளிகளைப் படித்ததும் பயமாக இருக்கிறது. ஒன்று செய்யுங்கள். மிக மோசமாக இருக்கும் துண்டை எடுத்துத் தொட்டித் தண்ணீர் நிரப்பிய வெள்ளைப் பாத்திரத்தில் வையுங்கள். பவள டிப் மருந்தை (பவளத்தை முக்கியெடுக்கும் மருந்து) சீட்டில் உள்ளபடி கலந்து, சில நிமிடம் கழித்து டர்க்கி பேஸ்டரால் எல்லாக் கிளையிலும், முக்கியமாக நிழல் விழும் பக்கத்திலும் அடியிலும், பலமாக ஊதுங்கள். அடியில் என்ன விழுகிறது என்று பாருங்கள்.

பவளப்பிரியை
ஏழு விழுந்தது. ஒளி ஊடுருவும் பழுப்பு, முட்டை வடிவம், பெரியது ஒரு சென்டிமீட்டருக்குப் பக்கம். ஒரே துண்டிலிருந்து ஏழு. நான் தினமும் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்த பவளம் அது.

நுண்ணோக்கி
அக்ரோபோரா தின்னும் தட்டைப்புழு, புரோஸ்தியோஸ்டோமம் அக்ரோபோரே. கண்ணில் படவில்லை என்று வருந்தாதீர்கள், படாமல் இருப்பதுதான் அதன் பிழைப்பு. தின்ற பவளத்தின் திசுவும் அதன் பாசியும் குடலில் தேங்கி, ஒளி ஊடுருவும் உடம்பு வழியாகத் தெரியும். எந்தப் பவளத்தில் இருக்கிறதோ அந்த நிறம். நம்மைப் போன்றவர்கள் தொட்டியில் இது பல வருடம் தொல்லை கொடுத்த பிறகு, 2011-இல்தான் அமகுசாபிளானா அக்ரோபோரே என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகுதான் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில், லிசார்ட் தீவுப் பக்கம், கடலிலேயே கண்டுபிடித்தார்கள். 2019-இல் பேரினத்தை மாற்றி இப்போதைய பெயர் வந்தது. பழைய குறிப்புகளில் இரண்டு பெயரும் இருக்கும், குழம்ப வேண்டாம்.

கடல்தோட்டம் சமாளிக்கும் புழுவுக்கும் இதற்கும் நடைமுறையில் ஒரு சம்பந்தமும் இல்லை. இது உண்மையான தட்டைப்புழு, பாலிகிளாட். மொட்டு விடாது, முட்டை இடும். வெளிச்சத்தில் வராது. பவளத்தையே தின்னும், அதுவும் அக்ரோபோராவை மட்டும். தொட்டியில் மருந்து ஊற்றி இதைத் தீர்க்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு பவளத்தையும் வெளியே எடுத்து டிப் செய்ய வேண்டும்.

உயிருள்ள திசு மேல் முட்டை இருக்காது. அடியில், திசு போய் வெறும் எலும்புக்கூடு தெரிகிற இடத்தில், பொன்பழுப்பு நிறத்தில் சிறு மணிகள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். டிப் மருந்து முட்டைக்குள் போகாது. இதில் தோற்றவர்களில் பெரும்பாலானோர் முட்டையிடம்தான் தோற்கிறார்கள். ஒரு டிப் செய்து, புழு விழுந்து, பவளம் தெளிந்து, 'முடிந்தது' என்று நினைப்பார்கள். முட்டை பொரிந்து மறுபடி ஆரம்பிக்கும்.

நான் செய்து பலன் கண்ட முறை. எல்லா அக்ரோபோராவையும் எடுத்து வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். ஒன்றைக்கூட விட்டுவைக்க முடியாது, 'இது நன்றாக இருக்கிறதே' என்பதையும் எடுக்க வேண்டும். அடிப்பாகத்தை உடைத்து எறிந்துவிட்டு, திசு உள்ள பகுதியை மட்டும் புது பிளக்கில் (பவளத்தை ஒட்டும் சின்ன அடிக்கட்டை) ஒட்டுங்கள். உடைக்க முடியாததைக் கத்தியால் சுரண்டி, வெறும் எலும்பு தெரிகிற இடத்தை ஒட்டும் பசையால் மூடுங்கள். பிறகு வாரம் ஒரு டிப். 27 டிகிரியில் முட்டை பொரிய ஆரம்பிக்கச் சுமார் 11 நாள், ஒரு தலைமுறை முடியச் சுமார் 38 நாள். தண்ணீர் குளிர்ந்தால் இது நீளும். அதனால் ஆறு வாரத்துக்குக் குறைத்து நிறுத்தாதீர்கள். நான் எட்டு வாரம் செய்தேன். கடைசி மூன்று டிப்பில் ஒரு புழுகூட விழாவிட்டால்தான் எனக்கு நிம்மதி. அந்த நேரத்தில் பெரிய தொட்டியில் அக்ரோபோரா இல்லாததால் அங்கே தங்கியவை பட்டினியில் போகும்.

மீனைப் பொறுத்தவரை, ஆறுகோடு ராஸ் இந்தப் புழுவைத் தின்னும், முட்டையைத் தொடாது. பெப்பர்மின்ட் இறால் முட்டையையும் தின்னும். இரண்டையும் வைத்துச் செய்த ஆய்விலேயே பார்த்திருக்கிறார்கள். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், டிப்புக்குப் பதிலாக அல்ல.

பவளப்பிரியை
முட்டை பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்ன அதே இடம். தோட்டப் பூச்சிமருந்தில் டிப் செய்தால் வேகமாகப் போகும் என்று சிலர் சொல்கிறார்களே?

நுண்ணோக்கி
இமிடாகுளோப்ரிட் உள்ள மருந்தைச் சொல்கிறீர்கள். வெளிநாட்டில் பலர் பயன்படுத்துகிறார்கள், வேலை செய்கிறது என்பதும் உண்மை. ஆனால் அதுவும் முட்டையைக் கொல்லாது, ஆகவே எட்டு வாரம் நாலு வாரமாகாது. இறாலுக்கும் நண்டுக்கும் கொடிய நஞ்சு. டிப் செய்த பவளத்தைச் சரியாக அலசாமல் தொட்டியில் வைத்தால் துப்புரவு இறால் போய்விடும். தேனீக்கும் ஆகாது, மிச்சத்தைச் செடிப்பக்கமோ சாக்கடையிலோ கொட்டக் கூடாது. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. இத்தனை 'கூடாது' உள்ள ஒன்றை, அதே பலன் தரும் பவள டிப் இருக்கும்போது நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எதில் டிப் செய்தாலும் மூன்று பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் மருந்து, இரண்டில் சுத்தமான உப்புத் தண்ணீர். அலசிய தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குத் திரும்பக் கூடாது.

நிலாமீன்
இதோடு மூன்றாவது ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன், வேறு யாராவது தேடி வரலாம். யூஃபிலியா, காளான் மேல் வட்டமாக, பின்னால் ஒரு சின்னப் பள்ளத்தோடு பழுப்புத் தட்டைகள் அப்பியிருந்தால் அது வாமினோவா. இதுவும் ஏசோல்தான். பவளத்தின் சளியைத் தின்னும், வெளிச்சத்தை மறைக்கும். பவளத்தை எடுத்து டிப் செய்து ஊதினால் கொட்டும். நான்கைந்து முறை தேவைப்பட்டது எனக்கு.

கடல்தோட்டம்
பன்னிரண்டாம் நாள். மதியம் முழுத் தொட்டியிலும் எண்ணினால் இருபது புழுகூட இல்லை. இன்று மருந்து ஊற்றினேன். என்ன செய்தேன் என்று வரிசையாக எழுதுகிறேன்.

முந்தைய நாளே 100 லிட்டர் உப்புத் தண்ணீர் கலந்து, உப்புத்தன்மை 1.026, வெப்பம் 26 டிகிரி என்று தொட்டியோடு பொருத்தி வைத்தேன். புதுக் கார்பன் அலசித் தயார். கல்லையும் மணலையும் கழித்தால் என் தொட்டியில் உண்மையான தண்ணீர் 240 லிட்டர்தான் வருகிறது. முதல் நாள் நான் கேட்டபடி 300-க்கு ஊற்றியிருந்தால் கால்வாசி கூடுதல் மருந்து போயிருக்கும். ஸ்கிம்மரை (நுரையால் அழுக்கு எடுக்கும் கருவி) நிறுத்தி, பழைய கார்பனை எடுத்துவிட்டு, காற்றுக் கல் ஒன்றைப் போட்டேன். பிறகு காலையில் ஊற்றினேன், நாள் முழுதும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால்.

பதினைந்து நிமிடத்தில் கல்லுக்குள்ளிருந்து நான் பார்த்தே இராத புழுக்கள் வெளியே விழுந்தன. வெளியே இருபது என்று எண்ணியது, உள்ளே நூற்றுக்கு மேல் இருந்திருக்கிறது. விழ விழ உறிஞ்சினேன். முக்கால் மணி நேரத்தில் அசைவு நின்றது. உடனே கார்பன், 60 லிட்டர் மாற்றம், ஸ்கிம்மர். ஒரு மீன் மட்டும் கொஞ்ச நேரம் வேகமாக மூச்சு விட்டது. சாயங்காலம் தீனி தின்றது.

நிலாமீன், நீங்கள் எழுதியதைப் படிக்காமல் இருந்திருந்தால் அந்தப் புட்டி அன்றைக்கே காலியாகியிருக்கும்.

உப்புநீர்
நன்றாகச் செய்தீர்கள். ஒரு வாரம் பாருங்கள். ஒன்று தெரிந்தாலும் மறுபடி ஊற்றுங்கள், அதே அளவு, அதே தயாரிப்பு. கார்பனை இரண்டு நாளில் மாற்றிவிடுங்கள்.

கடல்தோட்டம்
எட்டாம் நாள் பின்கண்ணாடியில் இரண்டு தெரிந்தது. இரண்டாவது முறை ஊற்றினேன், விழுந்தது ஆறு. அதற்குப் பிறகு ஐந்து வாரம் ஆகிறது, ஒன்றுமில்லை. சுருங்கிய காளான் இரண்டில் ஒன்று பழையபடி விரிந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்றும் யோசித்துப் பார்த்தேன். நாலைந்து மாதம் முன்பு வாங்கிய ஜோயான்தஸ் பவளப் பிளக்கை டிப் செய்யாமல் வைத்தேன், அதற்கு அடுத்துதான் முதல் புள்ளி தெரிந்தது. இனி புதிது எதுவானாலும் டிப், பிளக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது பிளக், ஆறு வாரம் தனித்தொட்டி.

பவளப்பிரியை
ஏழாவது டிப் இன்று முடிந்தது. முதலாவதில் மொத்தம் நாற்பத்தொன்று, இரண்டாவதில் பன்னிரண்டு, மூன்றாவதில் மூன்று, நாலாவதில் மறுபடி ஐந்து. அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன். ஒரு பிளக்கின் அடியில் விட்டுப்போன முட்டைக் கூட்டம்தான் காரணம், அதைச் சுரண்டியெடுத்த பிறகு ஐந்து, ஆறு, ஏழு மூன்றிலும் பூஜ்யம். ஒன்பது பவளத்தில் ஆறு பிழைத்தது. நேற்று ராத்திரி நீல விளக்கில் பாலிப் வெளியே வந்திருந்தது, மூன்று மாதத்தில் முதல் முறை. நுண்ணோக்கி, இன்னும் ஒன்று செய்துவிட்டே பெரிய தொட்டிக்கு மாற்றுகிறேன்.

நுண்ணோக்கி
செய்யுங்கள் அக்கா. மாற்றும் நாளில் அடிப்பாகத்தை ஒரு முறை பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு வையுங்கள்.